கவுண்டரில் சொன்ன நம்பர்

எங்கள் லேப்பில் இருந்த ரிப்போர்ட்டுகளை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்குச் சொன்னது ஒரு ஈமெயில். அது வந்து சில நாட்கள் கழித்துத்தான் அதைத் திறந்தோம். பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவளுக்கு ஈமெயில் பார்க்க எங்கே நேரம்? விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். காப்பிகூடக் குடிக்காமல் வந்த மனுஷருக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒவ்வொருவருக்காக நரம்பைத் தேடி, ஊசி குத்தி, பஞ்சு வைத்து, "நல்லா அழுத்திப் புடிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு நிமிரும்போது பாதிப் பகல் போயிருக்கும்.

ஈமெயில் அனுப்பியது எங்களுக்கு சாஃப்ட்வேர் விற்ற கம்பெனி. எங்களைப் போலப் பல ஊர் லேப்புகளுக்கு அவர்கள் அதை விற்றிருந்தார்கள். பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட் தானாகவே வாட்ஸ்அப்பில் போய்விடும். மொதமொத அதை வாங்கியபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும், "போன்லயே வந்துடுமாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். வராது என்றால் எதிர்த்த கடைக்குப் போய்விடுவார்கள். வாங்கித் தொலைத்தோம்.

அந்தக் கம்பெனியின் சர்வரில் இருந்த நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டு, டார்க் வெப் என்ற இடத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். வருந்துகிறோம் என்று ஒரு வரி. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு வரி. திருட்டுக் கொடுத்தது அவர்கள், ஊருக்குச் சொல்ல வேண்டியது நான். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் அப்புறம் வந்தது.

எங்கள் கவுண்டரில் உட்காருகிறவர் என் வீட்டுக்காரர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் விதிப்படி செய்ய வேண்டும் என்பார். அவர் ஈமெயிலை இரண்டு முறை படித்துவிட்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவரை வரச்சொன்னார். வந்தவர் துறைமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், டவுனில் பாதிக் கடைகளின் கம்ப்யூட்டர் அவர் கையில்தான்.

"டார்க் வெப்புன்னா ஒரு சந்தைன்னு வச்சுக்கங்கக்கா," என்றார் அவர். "நாம சாதாரணமாத் தேடினா வராது. அதுக்குத் தனி வழி இருக்கு. கார்டு நம்பர், ஆதார், ரிப்போர்ட்டு எல்லாம் மூட்டை மூட்டையா விப்பானுங்க."

"எங்க சனத்தோட சக்கரை அளவை வாங்கி அவன் என்ன பண்ணப் போறான்?"

"சக்கரை எதுக்குக்கா அவனுக்கு? பேரு, வயசு, போன் நம்பர், ஆதார் காப்பி எல்லாம் ஒண்ணா இருக்குல்ல. அத வச்சு இவங்க பேர்ல சிம் வாங்கலாம், லோன் எடுக்கலாம். சில ரிப்போர்ட்ட வச்சு ஆளையே மிரட்டலாம்."

ஆதாரை எதற்கு வாங்கினோம் என்று யோசித்தேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க ஆதார் எதற்கு? எல்லா இடத்திலும் வாங்குகிறார்கள், நாங்களும் வாங்கினோம். கேட்டதும் சனங்களும் எடுத்து நீட்டிவிடுவார்கள். பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிற ஆள்கூட ஆதாரை யார் கேட்டாலும் கொடுப்பார்.

சர்வீஸ்காரர் அன்றைக்கே உட்கார்ந்து பழைய ஆதார் படங்களை எல்லாம் அழித்தார். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார். மானிட்டரின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்ததைக் காட்டினேன். மாதா பெயரும் ஒண்ணு ரெண்டு மூணும். அவர் சிரிக்காமல், "டவுனுல பாதிக் கடையில இதான்க்கா. சாமி மட்டும் மாறும்," என்றார். புதிதாக ஒன்று வைத்து, போனுக்குக் குறியீடு வந்தால்தான் திறக்கும்படி மாற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் கையுறையைக் கழற்றி, போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, அந்த எண்ணை அடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். இந்த வயதில் இதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் உடம்பு சமாச்சாரம் எதுவுமே ரகசியம் கிடையாது. சர்க்கரை எவ்வளவு என்பதை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வருவார்கள். "எனக்கு முன்னூத்தி இருவது," என்பார் ஒருவர். "அது என்னங்க, எனக்கு நானூறு," என்பார் மற்றவர், ஜெயித்துவிட்ட தோரணையில். ஆனால் சில ரிப்போர்ட்டுகள் உண்டு. அதற்கு வருகிறவர்கள் கூட்டம் குறையட்டும் என்று வெளியே புளியமரத்தடியில் நிற்பார்கள். கடைசியாக உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். அவர்கள் முகம் எனக்கு மறக்காது. என் தொழிலில் பாதி ஊசி, மீதி வாயை மூடிக்கொண்டிருப்பது.

கம்பெனிக்காரர்கள் ஒரு வசதியும் செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்விடும். என் வீட்டுக்காரர் அதை அழுத்தப் போனார். அதற்கு முன்னால் மாதிரி காட்டுங்க என்று நான்தான் சொன்னேன். திரையில் வந்தது. அன்புள்ள இன்னார், இன்ன தேதியில் தாங்கள் செய்துகொண்ட இன்ன பரிசோதனையின் அறிக்கை வெளியாகியிருக்கலாம். பெயரும் பரிசோதனையும் தானாக வந்து உட்கார்ந்திருந்தன. மாதிரிக்கு வந்த ஆளுக்குக் கொழுப்புப் பரிசோதனை, பரவாயில்லை. அடுத்ததைக் காட்டுங்க என்றேன், அதற்கடுத்ததைக் காட்டுங்க என்றேன். கொஞ்ச நேரத்தில் என் கை அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"யார் நம்பருக்குப் போகுது பாத்தீங்களா?" என்றேன்.

"அவங்கவங்க குடுத்த நம்பருக்கு."

"அவங்க நம்பரா அது?"

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஆனால் தினமும் அந்தக் கவுண்டரில் நடப்பது அவருக்கும் தெரியும். "நம்பர் சொல்லுங்க" என்றால் பெண்கள் திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள். பின்னால் நிற்கிற ஆண்பிள்ளை சொல்லுவார். அது புருஷனாக இருக்கும், அண்ணனாக இருக்கும், கூட்டிவந்த ஆட்டோக்காரராகக்கூட இருக்கும். வயதானவர்களுக்கு மகன் நம்பர். காலேஜ் பெண்ணுக்கு அப்பா நம்பர். எங்கள் ஊர்களில் போன் நம்பர் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. திருடனிடம் போன ரகசியம் எந்தத் தேசத்திலோ கிடக்கும். இந்தப் பொத்தானை அழுத்தினால் நேராக வீட்டுக் கூடத்துக்கே போய்விடும்.

"பரிசோதனை பேர எடுத்துட்டு அனுப்புவோம்," என்றார் வீட்டுக்காரர். "வந்து பாருங்கன்னு மட்டும் போடுவோம்."

"போட்டா வர்றது யாரு? நம்பருக்குச் சொந்தக்காரன் வருவான். என்ன ஏதுன்னு குடைவான்."

அப்படியும் சொல்லாமல் இருக்க முடியாது, அது அவர்கள் உரிமை. கடைசியில் இப்படி முடிவானது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டுக்காரர்களுக்குப் பரிசோதனைப் பெயர் இல்லாமல் தகவல் போகட்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் ஏமாறாதீர்கள் என்றும் சேர்த்துக்கொள்ளட்டும். மரத்தடியில் நின்றவர்களுக்கு நான் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்கிறேன். அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. சிலர் அவர்களே போனை எடுத்தார்கள், "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் என்னைத் திட்டினார். திட்டட்டும், கேட்டுக்கொண்டேன். மிச்சம் நின்றது ஒரே ஒரு குடும்பம்.

செட்டிகுளத்துக்காரர்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் காரோட்ட, தம்பியும் தம்பி மனைவியும் வந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம், பிள்ளை இல்லை, டாக்டர் இருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அவளுக்கு ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனைகள், அவருக்கு விந்துப் பரிசோதனை. கவுண்டரில் இருவருக்கும் நம்பர் சொன்னது அண்ணன். வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நல்ல மனுஷர்தான், தம்பி பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் துண்டால் தூசி தட்டிவிட்டார்.

தம்பியின் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இப்படி வந்தால் உடனே சொல்லிவிடக் கூடாது, இன்னொரு தடவை பார்க்க வேண்டும். திரும்ப வரச்சொல்லிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அப்போதெல்லாம் எல்லா ரிப்போர்ட்டும் தானாகப் போகாது, இதுபோன்றதை, கூட வந்தவருடையதையும் சேர்த்து, நான் நிறுத்தி வைத்து நேரில்தான் கொடுப்பேன். இருவரையும் உள் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். மேலே என்ன வைத்தியம் இருக்கிறது, திருச்சியில் யாரைப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு," என்றார்.

அவள் பண்ணினாள். எனக்கு முன்னால்தான் பண்ணினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "எனக்குத்தான் ஹார்மோன் கோளாறாம் பெரிய மாமா. கரு தங்குறது கஷ்டமாம்," என்று அவருடைய அண்ணனிடம் சொன்னாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட் அவருடையது, அவரைக் கேட்காமல் நான் பேசக் கூடாது. ஸ்லைடைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவளை ஒரு தடவை ஏலாக்குறிச்சி மாதா கோவிலில் பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான், திருவிழாவுக்குப் போயிருந்தேன். மாமியார் அவளைத் தொட்டில் கட்ட அழைத்து வந்திருந்தார். "எங்க மலை முருகனுக்குப் படி பூசை பண்ணியாச்சு, இனி மாதாதான் கண்ணத் தொறக்கணும்," என்றார் அந்த அம்மா. "இவ வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." அவள் என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றாள். நானும் தெரியாதவள் மாதிரி மெழுகுவத்தி வாங்கப் போய்விட்டேன்.

இப்போது அவர்கள் ரிப்போர்ட்டும் போய்விட்டது. சொல்ல வேண்டும், அண்ணன் நம்பரைத் தவிர வேறு நம்பர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்பைப் பூட்டிவிட்டுச் செட்டிகுளம் பஸ் ஏறினேன். போகும்போதே முழங்கால் வலி. யாராவது கேட்டால் வெங்காயம் வாங்க வந்தேன் என்று சொல்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இது நம்பக்கூடிய பொய், சின்ன வெங்காயத்துக்குச் செட்டிகுளம்வரை போகிறவர்கள் உண்டு.

அதிர்ஷ்டம், ஊருக்குள் நுழையும்போதே தம்பியைப் பார்த்துவிட்டேன். மோட்டார் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓரமாக நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சுடுச்சாங்க?"

"இல்ல தம்பி. நான் மெசேஜ் அனுப்பல. அதுக்காகத்தான் நேரா வந்தேன்."

"இனிமே தெரியுமா?"

"அந்தச் சந்தைக்கு இங்கருந்து யாரும் போகப் போறதில்ல. யாராவது போன்ல மிரட்டினா மட்டும் பயப்படாம எங்கிட்டச் சொல்லுங்க, போலீஸ்ல சைபர் பிரிவு இருக்கு, பாத்துக்கலாம்."

அவர் பெருமூச்சு விட்டார். "ரொம்ப நன்றிங்க மேடம். யார்ட்டயும் சொல்லிடாதீங்க. வூட்டுல அவகிட்டயும் நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க," என்று சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிப்போகக்கூட நிற்காமல் மறுபடி வயல் பக்கம் திரும்பிவிட்டார். ஆறுதல் கிடைத்த மனுஷனின் நடை அது. எனக்கு அவர் மேல் இரக்கமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

வெங்காயத்தைச் சேமித்து வைத்திருந்த பட்டறையைப் பிரித்து வீட்டு வாசலில் குவித்திருந்தார்கள். அவள் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். மாமியாருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"லேப்பு டாக்டரம்மா தானே? வாங்க வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள். "வெங்காயம் வாங்கலாம்னு வந்தேம்மா," என்றேன். அந்த அம்மா நாற்காலி எடுத்துப் போட்டு, கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். "இவளுக்கும் எல்லா வைத்தியமும் பாத்தாச்சு. பெரியவன் வேற எடத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கான், சின்னவனுக்கு. இவளத் தள்ளி வைக்கலைங்க, இவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். வம்சம்னு ஒண்ணு வேணும்ல?" அவள் காதுபடத்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, மழை இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னார். "இருங்க, காப்பி போட்டுட்டு வரேன்," என்று எழுந்து உள்ளே போனார்.

எனக்குக் கிடைத்தது அந்தக் காப்பி கொதிக்கிற நேரம்தான். நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருந்த ரிப்போர்ட்டுகளைத் திருடிவிட்டார்கள், உங்களுடையதும் அதில் போயிருக்கிறது என்றேன். அவள் கை நின்றது.

"அவரோடதும் போயிருச்சா?"

"அதுவுந்தாம்மா. பயப்படாத."

"எங்கக்கா இருக்கும் அது? போன்ல பாத்தா தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத் தனி வழி, திருட்டுப் பசங்க மட்டும் போற எடம்."

"எங்க வூட்டுக்காரங்க போன்ல வந்துடாதா? பெரிய மாமா போன்ல?"

"வராதும்மா. எல்லாருக்கும் மெசேஜ் போறதா இருந்துச்சு. உங்களுக்குப் போகாம நான் நிறுத்திட்டேன். யாருக்கும் தெரியாது. நீ நிம்மதியா இரு."

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அது வாடிக்கொண்டே போனது. அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அனுப்பியிருக்கலாமேக்கா," என்றாள்.

மாமியார் வருகிறாரா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"நான் சொல்ல மாட்டேன்னு அவரு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இத்தன வருசம் அத மீறல. நானாச் சொன்னாத்தானே சத்தியத்த மீறினது? அதுவாத் தெரிஞ்சா என் மேல தப்பு இல்லைல்ல? தெனமும் சாமிகிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். புள்ள கேக்கலக்கா நான். எப்படியாவது வெளிய வந்துடணும்னுதான் கேட்டேன்." அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்ட குரல். "இப்ப வேற ஒருத்தியக் கட்டி வைக்கிறாங்களாம். இவரும் சரிங்கறாரு. அவளும் வந்து இதே மாதிரி மலை ஏறணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், அந்த அண்ணன் மேல், அந்த அம்மா மேல், சும்மா இருந்த என் மேல். ஆனால் என்ன சொல்ல முடியும்? "அவரோட ரிப்போர்ட்ட நான் குடுக்க முடியாதும்மா. அவரு வேணாம்னா வேணாம்தான். திருடன் எடுத்ததால நானும் எடுத்து நீட்ட முடியாது," என்றேன். சொல்லும்போதே என் வார்த்தை எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனால் அதுதான் நியாயம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அன்னைக்கு எனக்கும் ரத்தம் எடுத்தீங்களே," என்றாள்.

"ஆமா."

"அதுவும் போயிருச்சா?"

"போயிருச்சு."

"அதுல என்னக்கா இருந்துச்சு?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சும்மா கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அன்றைக்கு அவருடைய ரிப்போர்ட்டைச் சொன்னதும் அறையே இடிந்து உட்கார்ந்துவிட்டது. அவளுடையதை யாரும் கேட்கவில்லை. கவரில் வைத்துக் கொடுத்திருந்தேன், அதை அவர் அப்போதே கிழித்துப் போட்டுவிட்டாராம். முகம் தெரியாத திருடன் எவனோ அதைத் திறந்து பார்த்திருப்பான், வாங்கியவனும் பார்த்திருப்பான். அதற்குச் சொந்தக்காரி மட்டும் பார்த்ததே இல்லை.

"எல்லாம் சரியா இருந்துச்சும்மா," என்றேன்.

"ஒரு கோளாறும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெங்காயத்தின் காரத்தால்தான் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம், நான் அப்படி நினைக்கவில்லை. புருஷனைக் காப்பாற்றத் தெரிந்தே சொன்ன பொய்தான் அது. ஆனாலும் ஊரே திரும்பத் திரும்பச் சொல்லி, நடுவில் எங்கேயோ அவளே அதைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாமியார் வந்துவிடுவார் என்று கையை மட்டும் தொட்டேன்.

"என் ரிப்போர்ட் என்னோடதுதானேக்கா?"

"உன்னோடதுதான். நீ கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப அனுப்பிடுங்க."

"உனக்குத் தனியா நம்பர் இருக்கா?"

"வேணாம். அன்னைக்குக் கவுண்டர்ல குடுத்த நம்பருக்கே அனுப்புங்க," என்றாள். அவருடைய தலையில் அன்று சத்தியத்துக்கு வைத்த கையை அவள் இன்றும் எடுக்கவில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லச் சொல்லவில்லை. காப்பி வந்தது. குடித்தேன். மாமியார் ஒரு பை நிறைய வெங்காயம் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். அவளுடையதை அனுப்புவது அவருடையதை அனுப்புவதற்குச் சமம்தானே என்று ஒரு மனம் கேட்டது. கணக்குப் போடத் தெரிந்த எவனுக்கும் மீதி விளங்கிவிடும். உயிரோடு இருக்க மாட்டேன் என்று அந்த மனுஷன் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் அவருடைய ரகசியத்தைக் காப்பாற்ற இன்னொருத்தியின் காகிதத்தைப் பூட்டி வைக்க எனக்கு என்ன அதிகாரம்? அது அவளுடைய ரிப்போர்ட். கேட்டவளும் அவள். பாடாலூர் வருவதற்குள் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பெரம்பலூர் வந்தபோதும் கிடைக்கவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

லேப்பைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அடித்து உள்ளே போனேன். இந்தத் தடவை காலாவதியாகவில்லை. முதலில் தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்றால் அவருக்கும் அதே நம்பர்தான். அவள் பெயரைத் தேடி, அவள் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்து, நோயாளி கேட்டதன் பேரில் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. நான் கையைக் கழுவப் போனேன்.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"மேடம், செட்டிகுளத்துலேருந்து பேசறேங்க. எங்க தம்பி சம்சாரம் பேர்ல ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லாம் நார்மல்னு போட்டிருக்குங்களே."

"ஆமாங்க."

"இல்ல, ஆளு மாத்தி அனுப்பிட்டீங்களோன்னு கேக்கறேன். அந்தப் பொண்ணுக்குத்தான் கோளாறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லலைங்க," என்றேன். "ரிப்போர்ட்டும் மாறல. அது அந்தப் பொண்ணோடதுதான். அன்னைக்கும் இதேதான் இருந்துச்சு."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. பின்னால் அவர் அம்மா, "யாருடா அது, என்னவாம்?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. அம்மா மறுபடியும் கேட்டார்.